வேலையில் சேரும் நாளில் கிளம்பாத வண்டி

இப்போதும் யாராவது ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து மினுக்கி வாசலில் நிறுத்திக்கொண்டு, "என்ன கம்பீரம் பாத்தீங்களா" என்று கேட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். கம்பீரமாம், கம்பீரம்! அந்தக் கருமத்தோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவள் நான். அதன் எண்ணெய் நாற்றம் என் கல்யாணப் புடவை வரைக்கும் ஏறியிருந்தது. அது கிளம்பிய நாட்களைவிடக் கிளம்பாத நாட்கள்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அதிலும் ஒரு நாள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சண்டைக் காலம் அது. எங்கோ சீமையில் நடந்த சண்டைக்கு இங்கே ராசிபுரத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டார்கள். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ்களின் முதுகில் அண்டா மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கரி பஸ் என்று பேர். ஏறி இறங்கினவன் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். மேடு வந்தால் ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதுவும் பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்தது. சைடுகார் என்பார் என் வீட்டுக்காரர். தெருவில் எல்லாரும் தொட்டி என்றுதான் சொன்னார்கள்.

எங்களுடையது பட்டுத் தறி போட்ட வீடு. மாமனார், மாமியார், அவர்களுடைய ஒரே மகனான என் வீட்டுக்காரர், புதிதாக வந்த நான். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது அந்த வண்டியை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனான். நல்ல பொருளாக இருந்தால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்க மாட்டானா? மலையை விட்டு இறங்கியதோடு அது மூச்சை விட்டதாம். ராசிபுரத்துக்கு மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டித்தான் இழுத்துவந்தார்களாம். அப்படியும் இவர் கிராப்புத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக அதன் மேலேயே உட்கார்ந்து வந்ததாக மாமியார் பெருமையாகச் சொல்வார். மாட்டுக்குப் பின்னால் வந்த மைனரைப் பெருமையாகச் சொல்ல ஒரு தாய்க்குத்தான் மனசு வரும்.

அதைக் கிளப்புகிற சடங்கைக் கேளுங்கள். முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டர் மண்டையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி அழுத்தி, பெட்ரோல் வழிந்து தரையில் சொட்டும்வரை விடக்கூடாது. கூப்பன் காட்டிக் கெஞ்சி வாங்கின பெட்ரோல் வாசல் மண்ணில் சொட்டும். பிறகு ஹேண்டில் பாரில் இருக்கிற குச்சிகளில் ஒன்றை முன்னே தள்ளி, ஒன்றைப் பின்னே இழுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, கிக்கர்மேல் ஏறி நின்று முழு உடம்பையும் போட்டு உதைக்க வேண்டும். நல்ல நாளில் அந்தக் கிக்கர் எதிர்த்துத் திமிறும். அசந்தால் காலைத் தூக்கி எறியும். கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். எஞ்சின்மேல் சாய்த்துவைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார். பொறி வந்தால் பெட்ரோலைத் திட்டுவார், பெட்ரோல் வந்தால் பொறியைத் திட்டுவார். இரண்டும் வந்தால் என்னைத் திட்டுவார். "காத்தால உன்ற மொகத்துல முழிச்சேன் பாரு" என்பார்.

கிளம்பிவிட்டால் சத்தம். புகை போகிற குழாயின் சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், எஞ்சின் இடுப்பிலிருந்து 'டக்கு டக்கு டக்கு' என்று ஒரு தட்டல் வரும், தலைவலிக்காரனைச் சுத்தியால் அடிக்கிற மாதிரி. அதற்குத் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். செயின் தளர்ந்துவிட்டது என்பான் ஒருவன். உள்ளே பேரிங் பால்ஸ் உடைந்திருக்கிறது என்பான் இன்னொருவன். சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாதவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எனக்கென்னமோ பிஸ்டன்லதான் சந்தேகம்" என்பான். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று ஒருவராவது ஒத்துக்கொள்வார்களா? மாட்டார்கள். எனக்கு அந்த வாய்களைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

எங்கள் மாமனாருக்கு அந்த வண்டி கிளம்பினாலும் பிடிக்காது, கிளம்பாவிட்டாலும் பிடிக்காது. ஆனால் காது மட்டும் கூர்மை. காலமெல்லாம் தறிச் சத்தத்தில் பழகின காது. தறியில் மரத்தோடு மரம் இடித்து லொடலொடவென்று சத்தம் வந்தால், அந்த இடத்தில் கழிவுப் பட்டு நூலை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவோம். சத்தம் அடங்கிவிடும். ராசிபுரத்தில் எந்தத் தறியைப் பார்த்தாலும் அங்கங்கே இப்படிக் கட்டுப் போட்டிருக்கும். ஒரு நாள் மகன் வெளியே போயிருந்த சமயம் மாமனார் வண்டியண்டை குந்தி, கிக்கரைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, சத்தம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எஞ்சினின் பக்கவாட்டில், மூடிகூட இல்லாமல், ஒரு கம்பி மேலே ஏறி இன்னொரு கம்பியைத் தட்டுகிற இடம். நடுவே பொடிச் சந்து. "இதான்டா திருடன்" என்று சொல்லி, திருப்புளியால் நெம்பி, கழிவுப் பட்டு நூலைத் திரித்து நெய்யில் முக்கி அந்தச் சந்தில் திணித்துக் கட்டினார். என் சமையலுக்கு வைத்திருந்த நெய்.

சத்தம் நின்றது. வண்டியும் நின்றது. அதற்கப்புறம் எவ்வளவு உதைத்தாலும் அது அசையவில்லை.

சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். வாய் நிறைய வெற்றிலை. பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு துப்பல். எங்கள் வாசல் சுவரையே சிவப்பாக்கிவிட்டான். கோழி அடித்தால்தான் சாப்பிடுவேன் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டான். சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, அதற்கப்புறம் வண்டியைத் தொட்டான். திருப்புளியை விட்டு நெம்பி, கறுத்துப்போன பட்டு நூலை உருவி எடுத்து, தெருவே பார்க்கத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். "பெருசு, இது தறி இல்லய்யா! இதுக்குப் பேரு டாப்பெட்டு. இந்த இடுக்குல ஒரு தபால் கார்டு நுழையற சந்து இருக்கோணும். சந்தை அடைச்சீன்னா வால்வு மூடாது. வால்வு மூடலீன்னா எஞ்சினு மூச்சுப் புடிக்காது. பெட்ரோலும் வரும், பொறியும் வரும், வண்டி மட்டும் கெளம்பாது. நீ உதைச்சு உதைச்சுச் சாக வேண்டியதுதான்." சொல்லிவிட்டு மறுபடியும் துப்பினான். மாமனார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்த டக்கு டக்கு சத்தத்தை எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பே நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரர்தான் எங்கள் அப்பாவிடம், "படிச்ச புள்ளைதானுங்க ஓணும். வேலை கெடச்சா நானே அனுப்பி வெக்கறேன்" என்று சபையில் சொன்னார். கல்யாணமான வருஷமே சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. இன்ன தேதியில், மத்தியானத்துக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஆர்டர். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ராசிபுரத்தில் அப்போது பெண்ணுக்கு அப்படியொரு வேலை என்பது லேசில் கிடைக்கிற சங்கதியா?

மாமனார் எதிர்த்தார். முகத்துக்கு நேரே எதிர்த்தார். "என்ற ஊட்டு மருமவ சேலத்துக்குப் போய்ச் சம்பாரிச்சுத்தான் இங்க உலை கொதிக்கோணுமா?" என்று கத்தினார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரோடு சண்டை போட முடிந்தது. நானும் பதில் பேசினேன், அவரும் பேசினார், மாமியார் நடுவில் அழுதார். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "ஏனுங்கப்பா, காலம் எங்க போயிட்டிருக்குது, நீங்க எங்க குந்தியிருக்கறீங்க? குடுத்த வாக்குக் குடுத்ததுதான். அவ போவா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இப்போது எடுத்துச் சாணிக் குழியில் போடலாம் போலிருக்கிறது.

சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், "விடியக்காலம் பஸ்ஸுக்கே போயிடறனுங்க" என்று நான் சொன்னேன். "பஸ் எதுக்கு? மொத நாளே கரிப் பொகையில கறுத்துப் போய் நிப்பியா? நான் வண்டியில கொண்டுபோய் எறக்கி உடறேன், ராணியாட்டம் தொட்டியில குந்திக்க" என்றார். மாமியார் முகவாயில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குப் பொழுதோடவே, வண்டியைத் துடைத்துத் தயார் பண்ணி வைக்கிறேன் என்று அதனண்டை குந்திவிட்டார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கட்டால போ, புடவையில கறை படும்" என்று கரிசனமாகச் சொன்னார்.

காலையில் நான் குளித்து, தலை பின்னி, இருக்கிறதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதல் பஸ் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. இவர் பெட்ரோலைச் சொட்டவிட்டார், குச்சிகளை இழுத்தார், ஏறி உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் உதைத்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. "இதென்ன சனியன், இன்னைக்குன்னு பாத்து" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கூட்டம் கூடிவிட்டது. கேட்க வேண்டுமா? பிளக்கைக் கழற்று என்றான் ஒருவன். கழற்றி வைத்துப் பார்த்தால் பொறி நீலமாகத் துள்ளுகிறது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்கிறார்கள் என்றான் இன்னொருவன். கண்ணேறு என்றாள் எதிர்வீட்டுக்காரி. படித்த பெண்டாட்டியைத் தொட்டியில் வைத்துக் கொண்டுபோனால் ஊர்க் கண் படாதா என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூன்று சக்கரத்தின் அடியிலும் வைத்துவிட்டுப் போனாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் தள்ளினார்கள். அந்தப் பாரத்தைத் தள்ளித் திரும்பக் கொண்டுவருவதற்குள் எல்லாருக்கும் நாக்குத் தள்ளியது. இவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை!

"பிளக்கு குளுந்து கெடக்குது. அடுப்புல காட்டிச் சூடு பண்ணிக் கொண்டா அம்மிணி, ஓடு" என்றார். நான் ஓடினேன். அணைந்த அடுப்பை மூட்டி, நல்ல புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குந்தி ஊதினேன். இடுக்கியில் அந்தப் பிளக்கைப் பிடித்துத் தணலில் காட்டினேன். கண்ணில் புகை, முகத்தில் சாம்பல். அப்போதுதான் பெரிய தெருவில் அடுத்த கரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் இடுக்கியோடு எழுந்தேன். அவர் வாசலிலிருந்தே கத்தினார்: "பஸ்ஸை உடு, இந்தா இப்பக் கெளம்பிரும்!" நான் மறுபடியும் உட்கார்ந்து ஊதினேன்.

சுட்ட பிளக்கைத் துணியில் பிடித்து மாட்டினார். உதைத்தார். நான் பக்கத்திலேயே நின்று அவர் காலைப் பார்த்தேன். எத்தனையோ நாள் அந்தக் காலைப் பார்த்திருக்கிறேன். கிக்கர் திமிறும், கால் துள்ளும். இன்றைக்கு அது பாவு நூல் அறுந்த தறியின் மிதிபலகை மாதிரி மெத்தென்று கீழே போய்விட்டுப் பேசாமல் மேலே வந்தது. அவர் வாயால்தான் 'ஹும், ஹும்' என்று முக்கினார். காலில் ஒரு பாரமும் இல்லை. எனக்கு ஏதோ நெருடியது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

"போச்சு. நம்ம கையில இல்ல" என்று கையை விரித்தார். "தண்ணி குடிச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போனார். கூட்டத்தில் இருந்தவர்கள் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அவர் வைத்திருந்த புட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, வெயிலில் பிடித்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மூக்கை நுழைத்து மோந்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்க்காத குறை. வண்டியண்டை நான் மட்டும் நின்றேன். அழுகை முட்டியது. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எஞ்சினின் பக்கவாட்டுப் பகுதி கண்ணுக்கு நேராக வந்தது.

மெக்கானிக் சொன்ன அந்த இடுக்கைப் பார்த்தேன். தபால் கார்டு நுழைகிற சந்து அங்கே இல்லை. கிரீஸைப் பூசிக் கறுப்பாக்கி, திரித்த பட்டு திணித்திருந்தது. எட்ட நின்று பார்த்தால் அழுக்கு என்றுதான் தோன்றும். எனக்கு முதலில் மாமனார்மேல்தான் ஆத்திரம் வந்தது. கிழவர் வேலையைக் காட்டிவிட்டாரே, வாயால் எதிர்த்தது போதாதென்று கையாலும் எதிர்த்துவிட்டாரே என்று பல்லைக் கடித்தேன். தரையில் கிடந்த திருப்புளியை எடுத்து அந்த இடுக்கில் விட்டு நெம்பினேன். கட்டு அசைந்தது. வெளியே இழுத்துப் பார்த்தேன்.

முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

தறிக்கார வீட்டில் பிறந்தவளுக்கு முடிச்சைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். புதுப் பாவு நூலைப் பழைய இழையோடு பிணைக்கும்போது ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதமாக முடிச்சுப் போடும். எங்கள் வீட்டில் நான் உட்பட எல்லாருக்கும் வலது கை. இவர் ஒருவர்தான் இடது கைக்காரர். இவர் போட்ட முடிச்சின் வால் எப்போதும் அந்தப் பக்கம் சாயும். கலந்து கிடக்கிற ஆயிரம் இழையில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே, "இது உங்க பையன் போட்டதுங்க அத்தை" என்று நான் சொல்லுவேன்; மாமியார் சிரிப்பார். என் விரலில் இப்போது இருந்தது அந்த முடிச்சு. வேறு யாருடையதும் இல்லை.

சீ! எனக்கு உடம்பெல்லாம் பூரான் ஓடின மாதிரி இருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மாமனார் சொன்னார், நான் பதில் சொன்னேன். இவர் சொல்லியிருந்தால் இவரோடும் சண்டை போட்டிருப்பேன், தோற்றாலும் தோற்றிருப்பேன். சபையில் நல்லவனாக நிற்க வேண்டும், நான் வீட்டை விட்டும் போகக் கூடாது. பழி மட்டும் இரும்புமேல் விழ வேண்டும். அதற்காகச் சாயங்காலம் குந்தி, திரித்து, கிரீஸ் பூசி, முடிச்சுப் போட்டிருக்கிறார். காலையில் சட்டை நனைய நனைய உதைத்திருக்கிறார். என்னை அடுப்பு ஊத வைத்திருக்கிறார். நான் ஊதிக்கொண்டிருக்கும்போது பஸ் போகிற சத்தத்தைக் காதால் கேட்டிருக்கிறார். கட்டின பெண்டாட்டியிடம் காட்டுகிற யோக்கியதையா இது? தூ!

ஒரு துணுக்கு இல்லாமல் அந்தப் பட்டு நூலை உருவி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சந்தில் விரல் நகத்தை விட்டுத் துடைத்தேன். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்: "ஏனுங்க, இன்னொருக்காப் பாத்துரலாமுங்க. கடைசியா ஒருக்கா."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எத்தனை தடவ பாத்தாலும் அவ்வளவுதான் அம்மிணி. உன்ற மனசு கேக்கோணும்னா உதைக்கறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் இருக்கிறதே! கிக்கர்மேல் ஏனோதானோ என்று காலை வைத்து அமுக்கினார். அது திமிறி எகிறி அவர் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஓர் அடி கொடுத்தது. "அம்மாடி!" என்று குதித்தார். காலைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. காலுக்கு விளங்கிவிட்டது அவருக்கு.

"புடிச்சுருச்சு, புடிச்சுருச்சு! உடாதீங்க, உதைங்க!" என்று கூட்டம் கத்தியது. அத்தனை பேர் முன்னால் அவர் வேறு என்ன செய்ய முடியும்? நொண்டிக்கொண்டே ஏறி உதைத்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. டக்கு டக்கு டக்கு என்று தெருவே அதிர்ந்தது. பிளக்குச் சூடு வேலை செய்தது என்றான் ஒருவன். நான் தள்ளச் சொன்னதால்தான் என்றான் இன்னொருவன். எதிர்வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தைக் காட்டினாள். அவர் மட்டும் குனிந்து எஞ்சினைப் பார்ப்பதும், சத்தம் கேட்டுத் திண்ணைக்கு வந்திருந்த மாமனாரைப் பார்ப்பதுமாக இருந்தார். என்னைப் பார்க்கத் தோன்றவில்லை. பெண்பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற நினைப்பு. நான் தொட்டியில் ஏறி உட்கார்ந்து, "போலாமுங்க" என்றேன்.

வழியில் மல்லூரை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தார். "எஞ்சினு சூடாயிருச்சு. புளியமரத்தடியில செத்த நேரம் ஆற உட்டுட்டுப் போலாம்" என்றார். சூரியன் தலைக்குமேலே வந்துகொண்டிருந்தது.

"ஆற உட்டா மறுக்காக் கெளம்பாதுங்க. ஓட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், ஓட்டினார்.

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிக்கப்போகிற நேரத்துக்குப் போய் இறங்கினோம். தலைமை ஆசிரியை அம்மாள் வடக்கே ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. வயசானவர், நல்ல மனுஷி. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு அடுத்த பெண்ணுக்கு ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார். ஏன் தாமதம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். வண்டி மக்கர் பண்ணியதையும், பிளக்கைச் சுட்டதையும், தெருவெல்லாம் தள்ளியதையும், காலில் பட்ட அடியையும் ஒன்று விடாமல் சொன்னார். கிரீஸ் அப்பின கைகளை விரித்துக் காட்டினார். வேட்டியைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்ததையும் காட்டினார். "என்னங்க பண்றது, பொம்பளைங்க முன்னுக்கு வரோணும்னா நாமதானுங்க பாடுபடோணும்" என்றார்.

"இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா நீ" என்றார் அந்த அம்மாள். அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்பட்டார். நிஜமாகவே வெட்கப்பட்டார்! நான் அவர் பக்கம் திரும்பாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

"தினமும் ராசிபுரத்திலிருந்து வந்து போறது கஷ்டமாச்சே. நம்ம டீச்சருங்க ரெண்டு பேரு பின்னால தெருவில ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்காங்க. மூணாவது ஆளுக்கு எடம் இருக்கு. வேணும்னா யோசிச்சுச் சொல்லு" என்றார் அம்மாள்.

"அதெல்லாம் எதுக்குங்க?" என்று இவர் சிரித்தார். "நானே தெனமும் கொண்டாந்து உட்டுட்டு, பொழுதோட வந்து கூட்டிட்டுப் போறனுங்க. எனக்கு இதவிட வேற என்ன வேலை?"

"அந்த எடத்தை எனக்குக் குடுக்கச் சொல்லுங்கம்மா" என்றேன். "யோசிக்க ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கே தங்கிக்கறேன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன அம்மிணி இது, திடுதிப்புன்னு? பொட்டி இல்ல, படுக்கை இல்ல..."

"நாளைக்கு வண்டியில போட்டுக் கொண்டாந்து குடுத்துருங்க" என்றேன். "டாப்பெட்டுல இருந்த பட்டு நூலை நான் உருவிட்டனுங்க. முடிச்சைப் பாத்தா யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? இனி உங்க வண்டி மக்கர் பண்ணாது."